வாயில் வழியாக வருகிறவர்

(பாஸ்கா காலம் 4ஆம் ஞாயிறு, நல்லாயன் ஞாயிறன்று வானொலியில் ஒலிபரப்பான மறையுரை)



நல்லாயன் ஞாயிறு என்றதும் நம் கண்முன் ஒரு படம் வந்துவிடுகிறது. தோளில் ஆட்டுக்குட்டியைச் சுமந்து நிற்கும் இயேசு. நம்மில் பலருடைய வீட்டுக் காலண்டரில் அந்தப் படம் இருக்கும். ஆனால் இன்று வாசிக்கப்பட்ட யோவான் நற்செய்தி 10ஆம் அதிகாரத்தின் முதல் பத்து வசனங்களில் அந்தப் படம் இல்லை. அங்கே இருப்பது ஓர் ஆட்டுக்கொட்டில், அதற்கு ஒரு வாயில், வாயிலருகே ஒரு காவலர். ஆயர் யார், திருடர் யார் என்பதற்கு இயேசு முதலில் சொல்லும் அடையாளம் என்ன? வாயில் வழியாக வருகிறாரா, வேறு பக்கமாக ஏறிக் குதித்து வருகிறாரா என்பதுதான். ஆடுகள் ஆயரின் குரலை அறியும் என்ற பேச்சு அதற்குப் பிறகுதான் வருகிறது.

குருவாகி இத்தனை ஆண்டுகளில் இந்த வாசகத்துக்குப் பலமுறை மறையுரை ஆற்றியிருக்கிறேன். ஆயரைப் பற்றிப் பேசியிருக்கிறேன், ஆடுகளைப் பற்றிப் பேசியிருக்கிறேன், இறையழைத்தலைப் பற்றியும் பேசியிருக்கிறேன். காவலரைப் பற்றி ஒருமுறைகூடப் பேசியதில்லை. ஒரே வசனத்தில் வந்து போகிறவர், பெயரும் இல்லாதவர். இன்று அவரைப் பற்றிப் பேசலாம் என்றிருக்கிறேன்.

அந்தக் காலத்துப் பாலஸ்தீன ஊர்களில் பல குடும்பங்களின் ஆடுகளை இரவில் ஒரே கொட்டிலில் அடைப்பார்களாம். கல்லால் கட்டிய சுற்றுச்சுவர். வாயிலில் ஒருவர் விழித்திருப்பார். விடியற்காலையில் ஆயர்கள் வரும்போது இன்னார் என்று பார்த்துத் திறந்துவிடுவார். நம் ஊரிலும் அறுவடை முடிந்த வயல்களில் கீதாரிகள் கிடை போடுவதைப் பார்த்திருப்பீர்கள். ஆடுகளைச் சுற்றி வலை கட்டியிருக்கும். குட்டிகளை மட்டும் தனியாகக் கூடாப்பில் போட்டு அடைத்திருப்பார்கள். ஒரு கீதாரியிடம் ஒருநாள் கேட்டேன்: "வலைதான் சுற்றி இருக்கிறதே, குட்டிக்கு எதற்குத் தனிக் கூண்டு?" அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, "குட்டி கத்தினா நமக்குக் கேக்காது சாமி" என்றார். பெரிய ஆட்டை நரி பிடித்தால் கிடை முழுவதும் அலறும். குட்டியைக் கொண்டுபோனால் விடிந்த பிறகுதான் தெரியும்.

இனி எங்கள் பங்கு விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் கோயில் வளாகத்தில் குழந்தைகள் காப்பகம் ஒன்று நடக்கிறது. அருள்சகோதரிகள் பொறுப்பில் இருக்கிறது. தையல் கம்பெனிக்கும் கடைகளுக்கும் கூலி வேலைக்கும் போகிற தாய்மார்கள் காலையில் பிள்ளைகளை விட்டுச் செல்வார்கள், மாலையில் வந்து அழைத்துப் போவார்கள். அங்கே இருபது ஆண்டுகளாக ஒரு ஆயாம்மா வேலை செய்கிறார். அவர் கையால் சோறு உண்ட பிள்ளைகள் இப்போது தங்கள் பிள்ளைகளைக் கொண்டுவந்து விடுகிறார்கள். சென்ற ஆண்டு அவரிடமும், சமையல் செய்கிறவரிடமும், வேன் ஓட்டுநரிடமும், மாலையில் பாட்டுச் சொல்லித் தருகிற இளைஞரிடமும் காவல் துறை சரிபார்ப்புக்கு விண்ணப்பிக்க வேண்டும் என்று சொன்னேன். மற்றவர்கள் சரி என்றார்கள். ஆயாம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "இருபது வருஷமா இந்தப் புள்ளைங்களுக்குச் சோறு ஊட்டுறேன். இப்ப என்னைத் திருடின்னு நெனச்சிட்டீங்களா சாமி?" என்றார்.

எனக்குப் பதில் வரவில்லை. காரணம், அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. நம் ஊரில் ஒரு வீட்டுக்குப் போலீஸ் வந்தால் அந்தத் தெரு என்ன பேசும் என்று நமக்குத் தெரியும். ஏழை வீட்டுக்கு வந்தால் இன்னும் கூடுதலாகப் பேசும். அவருக்கு அது அவமானம். அந்த அவமானத்தை நான் சாதாரணமாக நினைத்திருக்கக் கூடாது.

ஆகவே முதலில் என் பெயரில் விண்ணப்பித்தேன். சில நாள் கழித்து ஒரு காவலர் பைக்கில் வந்து பங்குத்தந்தை இல்லத்தின் முன் இறங்கினார். எங்கள் உபதேசியார் வெலவெலத்துப்போய் ஓடிவந்து, "சாமி, போலீஸ் வந்திருக்கு, பின்பக்கமா வெளியே போயிருக்கீங்கன்னு சொல்லட்டுமா?" என்று கேட்டார். என்மேல் அவருக்கு எவ்வளவு நம்பிக்கை பாருங்கள்! காவலர் நாற்காலியில் உட்கார்ந்து என் ஆதாரைப் பார்த்தார், இதற்கு முன் எந்தெந்த ஊரில் இருந்தேன் என்று கேட்டார், கையெழுத்து வாங்கிக்கொண்டு காபி குடித்துவிட்டுப் போனார். அடுத்த ஞாயிறு பூசை முடிந்ததும் அதை மக்களுக்கு அறிவித்தேன். அதன்பிறகு ஆயாம்மா தானாகவே வந்து விண்ணப்பத்தில் கையெழுத்திட்டார். "சாமி வீட்டுக்கே வந்துட்டாங்க, என் வீட்டுக்கு வந்தா என்ன" என்பது அவர் சொன்ன காரணம். ஆயரும் வாயில் வழியாகத்தான் வர வேண்டும் என்பதை நற்செய்தி எழுதி வைத்திருக்கிறது. எனக்குத்தான் அது விளங்க இத்தனை காலம் பிடித்தது.

இது நானாகக் கண்டுபிடித்த வழக்கம் அல்ல. 2020 மார்ச் மாதம் நடைமுறைக்கு வந்த போக்சோ விதிகள் இதைக் கட்டாயமாக்கியிருக்கின்றன. பிள்ளைகள் தங்குகிற இடமானாலும் சரி, பள்ளி, காப்பகம், விளையாட்டுப் பயிற்சி நிலையம் போலப் பிள்ளைகளோடு தொடர்ந்து பழகுகிற இடமானாலும் சரி, அங்கே பிள்ளைகளோடு தொடர்புள்ள ஊழியர் ஒவ்வொருவரையும் பற்றிக் காவல் துறை சரிபார்ப்பும் பின்னணி விசாரணையும் செய்திருக்க வேண்டும். ஆசிரியர், ஆசிரியர் அல்லாதவர் என்ற பிரிவு இல்லை. நிரந்தரம், ஒப்பந்தம் என்ற வேறுபாடும் இல்லை. ஒருமுறை செய்துவிட்டால் போதாது, குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை மறுபடியும் செய்ய வேண்டும். பணியாளர்களுக்குப் பயிற்சியும் கொடுக்க வேண்டும்.

தங்கும் விடுதிகளுக்கு மேலும் சட்டங்கள் உண்டு. 2014 ஜூன் மாதம் பொள்ளாச்சியில் ஒரு விடுதியில் தங்கிப் படித்த இரண்டு சிறுமிகளுக்கு நேர்ந்த கொடுமையை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அதே ஆண்டில் மகளிர், குழந்தைகள் விடுதிகளையும் இல்லங்களையும் ஒழுங்குபடுத்தும் சட்டத்தைத் தமிழ்நாடு அரசு கொண்டுவந்தது. மாவட்ட ஆட்சியரிடம் உரிமம் பெறாமல் விடுதி நடத்தக் கூடாது என்றது அந்தச் சட்டம். பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் பிள்ளைகளை வைத்திருக்கும் இல்லங்கள், அரசு நடத்தினாலும் தொண்டு நிறுவனம் நடத்தினாலும், பதிவு செய்தாக வேண்டும் என்கிறது 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம். பதிவு செய்யாமல் நடத்தினால் ஓராண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய்க்குக் குறையாத அபராதம், அல்லது இரண்டும். எல்லா இல்லங்களையும் 2017 முடிவதற்குள் பதிவு செய்து முடிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் அந்த ஆண்டு மே மாதம் உத்தரவிட்டது. அந்த வழக்கு எங்கிருந்து தொடங்கியது தெரியுமா? மாமல்லபுரம் பகுதி அநாதை இல்லங்களைப் பற்றி 2007இல் வெளிவந்த ஒரு செய்தியிலிருந்து. வழக்கின் பெயரிலேயே தமிழ்நாடு இருக்கிறது. நமக்கு இதில் பெருமைப்பட ஒன்றுமில்லை.

சகோதர சகோதரிகளே, இதுவரை சொன்னதை எந்த அதிகாரியும் வந்து சொல்லிவிடலாம். இனி நான் சொல்லப்போவதை நான்தான் சொல்ல வேண்டும்.

இருபது ஆண்டுகளுக்கும் மேலாகிறது. அப்போது நான் இளம் பங்குத்தந்தை. அந்தப் பங்கில் ஆண் பிள்ளைகளுக்கு ஒரு விடுதி இருந்தது. சுற்றுக் கிராமங்களிலிருந்து வந்து தங்கிப் படிப்பார்கள், பெரும்பாலும் விவசாயக் கூலிகளின் பிள்ளைகள். விடுதிக் காப்பாளர் வேலைக்கு ஒருவர் வந்தார். தெரிந்தவர் ஒருவரிடமிருந்து கடிதம் கொண்டுவந்திருந்தார். நன்றாகப் பாடுவார், ஆர்மோனியம் வாசிப்பார், ஜெபமாலையை முழந்தாளில் நின்று சொல்லுவார். எனக்கு அதுவே போதுமாக இருந்தது. முன்பு எங்கே வேலை செய்தார், ஏன் விட்டார் என்று நான் ஒருவரிடமும் கேட்கவில்லை.

ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் ஒரு மாலை என் அறைத் திண்ணையில் வந்து நின்றான். வெகுநேரம் பேசாமல் நின்றான். பிறகு, "சாமி, நான் ராத்திரி சார் ரூமுக்குப் போகமாட்டேன்" என்றான். அவ்வளவுதான் சொன்னான். எனக்குப் புரிந்தது. புரியவில்லை என்று நான் எந்த நீதி இருக்கையின் முன்பும் சொல்ல முடியாது. அது ஒப்புரவு அருளடையாளத்தில் சொன்ன செய்தி அல்ல. அந்த இரகசியம் வேறு, அதை எந்தக் குருவும் உடைக்க முடியாது. இது திண்ணையில் நின்று ஒரு பிள்ளை கேட்ட உதவி.

நான் என்ன செய்தேன்? அந்த மனிதரைக் கூப்பிட்டு இரண்டு நாளில் கிளம்பிவிடச் சொன்னேன். விடுதியின் பெயர் கெட்டுவிடக் கூடாது, பிள்ளைகளைப் பெற்றோர் அழைத்துப் போய்விடுவார்கள், ஊர் இரண்டுபடும். இப்படியெல்லாம் எனக்குள் சொல்லிக்கொண்டேன். கிளம்பும்போது அவர் ஒரு சான்றிதழ் கேட்டார். குடும்பம் இருக்கிறது, வேறு வேலை தேட வேண்டும் என்றார். கோயில் முத்திரைத் தாளில், இன்னார் இன்ன காலம் வரை எங்களிடம் பணி செய்தார், நன்னடத்தை உள்ளவர் என்று எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தேன். தொல்லை விட்டது என்று அன்று இரவு தூங்கினேன். அந்தப் பையனைத் தனியே கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்கக்கூட இல்லை. அந்த ஆண்டு முடிந்ததும் அவன் திரும்பி வரவில்லை.

மூன்று ஆண்டு கழித்து வேறொரு ஊரிலிருந்து தொலைபேசி வந்தது. அங்கே ஒரு விடுதியில் அதே மனிதர். அங்கே ஒரு பிள்ளை. "சாமி, உங்க லெட்டரை நம்பித்தான் எடுத்தோம்" என்றது மறுமுனைக் குரல். நான் போனேன். அந்தப் பிள்ளையின் தகப்பனார் காவல் நிலையத்துக்கு வெளியே குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். என் அங்கியைப் பார்த்ததும் எழுந்து நின்று கைகூப்பி, "தோத்திரம் சாமி" என்றார். யார் வந்திருக்கிறார் என்று அவருக்குத் தெரியாது. சொன்னேன். அவர் கூப்பிய கையை இறக்க வெகுநேரமாயிற்று. உள்ளே போய் எனக்குத் தெரிந்ததையெல்லாம் வாக்குமூலமாகக் கொடுத்தேன், மூன்று ஆண்டுகள் தாமதமாக.

இப்போது யோசித்துப் பாருங்கள். அந்த இரண்டாவது விடுதியினர் அன்றைக்கே காவல் துறைச் சரிபார்ப்புக் கேட்டிருந்தால் என்ன வந்திருக்கும்? குற்றப் பதிவு எதுவும் இல்லை என்று சுத்தமான தாள்தான் வந்திருக்கும். ஏனென்றால் பதிவு செய்ய வேண்டியவன் பதிவு செய்யவில்லை. வாயிலில் நின்ற காவலன் நான். திருடனைப் பார்த்தேன், சத்தம் போடாமல் அடுத்த கொட்டிலுக்கு வழிகாட்டி அனுப்பினேன். சரிபார்ப்புத் தாளைக் கொண்டு எல்லாம் ஆகிவிடும் என்று நினைப்பவர்களுக்கும், தாளால் என்ன ஆகும் என்று உதறுகிறவர்களுக்கும் நான் இதைத்தான் சொல்கிறேன். முன்பு ஒருவர் துணிந்து எழுதியிருந்தால்தான் பின்பு ஒருவர் அதை வாசிக்க முடியும்.

இன்று எனக்கிருந்த அந்தத் தப்பும் வழியைச் சட்டம் அடைத்துவிட்டது. பிள்ளைக்குப் பாலியல் கொடுமை நடந்தது என்று தெரிந்தாலோ, நடக்கக்கூடும் என்று அஞ்சக் காரணம் இருந்தாலோ, காவல் துறைக்குத் தெரிவிக்க வேண்டியது எவருக்கும் கடமை என்கிறது 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம். தெரிந்தும் அறிவிக்காதவருக்கு ஆறு மாதம் வரை சிறை. நிறுவனப் பொறுப்பில் இருந்துகொண்டு தம் கீழ் வேலை செய்கிறவரைப் பற்றி அறிவிக்காதவருக்கு ஓராண்டு வரை. நம் திருச்சபையும், திருத்தந்தை பிரான்சிஸ் 2019இல் வெளியிட்டு 2023இல் நிலையாக்கிய சட்டத்தின் வழியாக, அருள்பணியாளரும் துறவியரும் தாமதமின்றித் திருச்சபை அதிகாரியிடம் அறிவிக்க வேண்டும் என்று கட்டளையிட்டிருக்கிறது. நாட்டுச் சட்டத்தின் கடமை அதனால் குறைவதில்லை என்றும் அதிலேயே இருக்கிறது.

சிலர் என்னிடம் கேட்கிறார்கள்: சாமி, நம்முடையது சிறுபான்மை நிறுவனம், அரசு இதில் ஏன் தலையிட வேண்டும்? அரசியல் சட்டம் நமக்குத் தந்திருப்பது நிறுவனங்களை நடத்தும் உரிமை. யாரும் எட்டிப் பார்க்காமல் நடத்தும் உரிமையை அது தரவில்லை, தந்தாலும் நாம் வாங்கிக்கொள்ளக் கூடாது. உரிமம் புதுப்பிக்கப் போனால் அலைக்கழிக்கிறார்கள், ஒரு மேசையிலிருந்து இன்னொரு மேசைக்கு அனுப்புகிறார்கள், சில இடங்களில் கை நீட்டுகிறார்கள் என்ற குறை உண்மைதான், நானும் அலைந்திருக்கிறேன். அதை எதிர்த்துப் பேசுங்கள், எழுதிப் புகார் கொடுங்கள். அதைச் சொல்லிக்கொண்டு பிள்ளைகளைப் பதிவில்லாத கட்டடத்தில் வைக்காதீர்கள். கும்பகோணத்தில் 2004 ஜூலை 16ஆம் நாள் சமையல் கூடத்திலிருந்து கூரைக்குத் தீ பரவி 94 பிள்ளைகள் இறந்தார்கள். அது அரசு உதவி பெற்ற பள்ளி. கோப்பில் காகிதம் இருந்தது. கூரையையும் குறுகிய படிக்கட்டையும் நேரில் பார்த்து, கூடாது என்று நிறுத்திய ஆள்தான் இல்லை.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. வாடகை வீட்டில் வண்ணப் படம் ஒட்டி, வாசலில் ஒரு பலகை மாட்டிக் காப்பகம் தொடங்கிவிடுகிறார்கள். வேலைக்குப் போகும் தாய்க்கு வேறு வழியில்லை, எனக்குத் தெரியும். ஆனாலும் கேளுங்கள்: உரிமம் இருக்கிறதா, எங்கே மாட்டியிருக்கிறீர்கள்? பிள்ளையைக் கழுவிவிடுகிறவர் யார், வேன் ஓட்டுகிறவர் யார், இவர்களைச் சரிபார்த்தீர்களா? முன்னறிவிப்பில்லாமல் நடுப்பகலில் ஒருநாள் போய்ப் பாருங்கள். உள்ளே விடாத காப்பகத்தில் மறுநாள் பிள்ளையை விடாதீர்கள். 50 பேரும் அதற்கு மேலும் வேலை செய்கிற நிறுவனம் காப்பக வசதி தர வேண்டும், தாய் நாளுக்கு நான்கு முறை அங்கே போய்ப் பிள்ளையைப் பார்க்க அனுமதிக்க வேண்டும் என்ற விதியை 2017ஆம் ஆண்டின் மகப்பேறு நலத் திருத்தச் சட்டம் கொண்டுவந்தது. கம்பெனியில் வேலை செய்யும் சகோதரிகளே, உங்கள் மேலாளரிடம் இதைக் கேட்டிருக்கிறீர்களா?

கோடை விடுமுறை வருகிறது. பங்குகளில் விடுமுறை விவிலியப் பள்ளி நடக்கும், பீடச் சிறுவர்களைச் சுற்றுலா அழைத்துப் போவோம். நம் மறைக்கல்வி ஆசிரியர்கள் சம்பளம் வாங்காதவர்கள்தான், ஆனால் பிள்ளைக்கு அந்த வேறுபாடு தெரியாது. எங்கள் பங்கில் இந்த ஆண்டு முகாமுக்கு வரும் தன்னார்வலர் ஒவ்வொருவரும் சரிபார்ப்புக்கு விண்ணப்பித்திருக்கிறார்கள். தாள் வந்து சேராதவர் சமையலில் உதவலாம், பந்தல் போடலாம். பிள்ளைகளோடு தனியே இருக்க மாட்டார், நானும் இருக்க மாட்டேன். புதிதாக வேலைக்கு வருகிறவருடைய பழைய இடத்துக்கு நானே தொலைபேசியில் பேசுகிறேன். ஒரே ஒரு கேள்விதான்: "இவரை மறுபடி உங்கள் பிள்ளைகளிடம் விடுவீர்களா?" சிலர் உடனே ஆம் என்கிறார்கள். ஒருமுறை மறுமுனையில் கொஞ்ச நேரம் மௌனமாக இருந்தார்கள். அந்த மௌனம் எனக்குப் பழக்கமானது. அவரை எடுக்கவில்லை. அங்கே என்ன நடந்தது என்று கேட்கவும் செய்தேன்.

பிள்ளைகளுக்கு ஆபத்து என்று தோன்றினால் கூப்பிட வேண்டிய எண் 1098. கோயில் அறிவிப்புப் பலகையில் எழுதி வைத்திருக்கிறோம், பிள்ளைகள் எட்டும் உயரத்தில்.

அந்த ஏழாம் வகுப்புப் பையனுக்கு இப்போது முப்பது வயது கடந்திருக்கும். பின்னாளில் அவன் ஊருக்குப் போய்த் தேடினேன். குடும்பம் வேலை தேடி வெளியூர் போய்விட்டது என்றார்கள். அவன் பெயரை வானொலியில் சொல்ல எனக்கு உரிமையில்லை. இன்றைய திருப்பலியில் அவனையும், அந்த இரண்டாவது பிள்ளையையும், காவல் நிலைய வாசலில் கைகூப்பி நின்ற அந்தத் தகப்பனாரையும் நினைத்துக்கொண்டேன். நீங்களும் இன்று மாலை குடும்ப ஜெபத்தில் அவர்களுக்காக ஓர் அருள்நிறை மரியே சொல்லுங்கள்.